கூஃபா நகரத்துத் துணி வியாபாரி

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களை ஹனபி மத்ஹபின் தலைவராக எல்லோரும் அறிவோம். அன்னார் கடை வைத்துப் பிழைத்த ஒரு வியாபாரி என்பதையும் நம்மவர்கள் அறிந்திருப்பது நல்லது.

நுஃமான் பின் தாபித் என்னும் இயற்பெயருடைய இமாமவர்கள் ஹிஜ்ரி 80ல் (கி.பி. 699) இராக்கிலுள்ள கூஃபாவில் பிறந்தார்கள். தொழில் பட்டுத்துணி வியாபாரம். வாலிபத்தில் கடைத்தெருவே கதியென்றிருந்தவர்களை ஷஃபீ என்ற பெரியார் கண்டு, ஆலிம்களின் சபைக்கும் சென்று வரும்படி புத்தி சொன்னார்கள். அச்சொல் நெஞ்சில் தைத்தது. ஹம்மாத் பின் அபீசுலைமான் அவர்களிடம் 18 ஆண்டுகள் ஓதினார்கள். தம் மகனுக்கும் ஹம்மாத் என்றே பெயரிட்டார்கள். ஆலிமான பின்னரும் வியாபாரத்தை விடவில்லை.

ஒரு சமயம் பழுதுள்ள துணியொன்றைக் கூட்டாளி ஹஃப்ஸிடம் அனுப்பி, பழுதைச் சொல்லியே விற்க வேண்டுமென்று கூறியிருந்தார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அச்சரக்கின் கிரயம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். மற்றொரு சமயம் ஒரு பெண் பட்டொன்றைக் கொண்டுவந்து 100 திர்ஹம் கேட்டார். அதன் மதிப்பு அதிகமென்று எடுத்துச் சொல்லி, 500 கொடுத்து வாங்கினார்கள். இவ்வாறு வரலாற்று நூல்களில் காண்கிறோம்.

லாபத்தில் மாணவர்களுக்கும் பங்கிருந்தது. ஓதுவதை விட்டுக் கூலி வேலைக்குப் போகவிருந்த ஏழைப் பிள்ளை ஒருவரின் குடும்பச் செலவை இமாமவர்களே ஏற்றார்கள். அவர்தாம் பிற்காலத்தில் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காஜியான இமாம் அபூயூசுப் (ரஹ்).

கலீபா மன்சூர் காஜிப் பதவி தந்தபோது இமாமவர்கள் மறுத்தார்கள். அதற்காகச் சிறைப்பட்டு, ஹிஜ்ரி 150ல் (கி.பி. 767) பக்தாதில் காலமானார்கள். அவ்வாண்டில்தான் இமாம் ஷாபிஈ (ரஹ்) பிறந்தார்கள். அபூஹனீபா அவர்களின் மாணவர் இமாம் முஹம்மதிடம் ஷாபிஈ இமாமும் பாடம் கேட்டார்கள். ஆகவே நம் ஜமாஅத்திலுள்ள ஹனபிகள், ஷாபிஈகள் இருசாராருக்கும் இந்தத் துணி வியாபாரி கடன் கொடுத்தவராகிறார்.

சகோதரர்களே! பெரியார்களின் பெயரைக் கடைப் பலகையில் எழுதுவது எளிது. சரக்கின் பழுதை வாய்திறந்து சொல்வதும், படிக்க வழியில்லாத ஒரு பிள்ளைக்குக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் கஷ்டம். அந்தக் கஷ்டத்தைச் செய்பவரே அன்னாரை உண்மையாக நேசிப்பவர்.

வல்ல அல்லாஹ் நம் வியாபாரத்தில் நேர்மையையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.