ஏழைச் சிறுவரின் ஆசான் – புனித லசால்

பிரான்ஸ் நாட்டின் வடகிழக்கே உள்ள ரெய்ம்ஸ் நகரம், அந்நாட்டு மன்னர்கள் முடிசூட்டிக்கொண்ட பேராலயத்தால் புகழ்பெற்றது. அந்நகரில் 1651 ஏப்ரல் 30-ஆம் நாள், செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பம் ஒன்றில் தலைமகனாகப் பிறந்தார் ஜான் பாப்டிஸ்ட் தெ லசால். தந்தை லூயி நீதிமன்ற அதிகாரி; தாய் நிக்கோல் ஆழ்ந்த பக்தி உடையவர். இளமையிலேயே இறைப்பணியில் நாட்டம் கொண்ட லசால், பதினோராம் வயதில் குருத்துவத்திற்கான முதல் சடங்கைப் பெற்றார். 1667-இல், பதினாறு வயது நிறையும் முன்பே, ரெய்ம்ஸ் பேராலயத்தின் குருக்கழகத்தில் ஓர் இடத்தையும் பெற்றார். உயர்ந்த மதிப்பும் நிலையான வருவாயும் உடைய பதவி அது.

1670-இல் பாரீஸ் சென்று, செயின்ட் சுல்பீஸ் குருமடத்தில் இறையியல் பயிலத் தொடங்கினார். அடுத்த ஆண்டு தாய் மறைந்தார். 1672-இல் தந்தையும் மறைந்தார். உடன்பிறந்தோரைக் காக்கும் பொறுப்பு இருபத்தொரு வயதுகூட நிறையாத அவர் தோள்மீது விழுந்தது. படிப்பை இடையில் நிறுத்தி ஊர் திரும்பி, குடும்பச் சொத்தையும் தம்பி தங்கையரையும் பேணியவாறே கல்வியைத் தொடர்ந்து, 1678-இல் குருப்பட்டமும் 1680-இல் இறையியலில் முனைவர் பட்டமும் பெற்றார். இத்தகைய ஒருவர் நாளடைவில் திருச்சபையின் உயர்பதவிகளை அடைவார் என்றே உற்றாரும் ஊராரும் எண்ணியிருப்பர். இறைவனின் திருவுள்ளமோ வேறாக இருந்தது.

வாயிலில் ஒரு சந்திப்பு

லசாலின் ஆன்மிக வழிகாட்டியாக விளங்கிய அருள்தந்தை நிக்கோலாஸ் ரோலண்ட், ஏழைச் சிறுமியருக்குக் கல்வி புகட்டும் அருட்சகோதரியர் சபை ஒன்றை நிறுவியிருந்தார். 1678-இல் மரணப்படுக்கையில் இருந்தபோது, அச்சபையைப் பேணும் பொறுப்பை அவர் லசாலிடம் ஒப்படைத்தார். மறு ஆண்டு அச்சகோதரியரின் இல்ல வாயிலில் அட்ரியன் நியேல் என்பவரை லசால் சந்தித்தார். ஏழைச் சிறுவர்களுக்கு இலவசப் பள்ளி தொடங்கும் நோக்கத்துடன் ரூவான் நகரிலிருந்து வந்திருந்தவர் அவர்.

அக்காலத்தில் பொருள் உள்ளவர்களின் பிள்ளைகளுக்கே முறையான கல்வி கிடைத்தது. கைவினைஞர், கூலிவேலை செய்வோர் ஆகியோரின் பிள்ளைகள் தெருவில் திரிந்து, எழுத்தும் இறையறிவும் இன்றி வளர்ந்தனர். நியேலின் முயற்சிக்குச் சிறிது அறிவுரை வழங்கி ஒதுங்கிக்கொள்ளலாம் என்றே லசால் கருதினார். ஆனால் பள்ளிகள் பெருகின; நியேல் ஊர் ஊராகச் சென்று புதிய பள்ளிகளைத் தொடங்குவதில் முனைந்திருந்ததால், தொடங்கிய பள்ளிகளை வழிநடத்த ஆளில்லை. ஆசிரியர்களோ போதிய பயிற்சியும் ஒழுங்கும் இல்லாத எளிய இளைஞர்கள்.

லசால் அவர்களுக்கு முதலில் ஒரு வாடகை வீடு அமைத்துத் தந்தார். பிறகு தம் வீட்டில் உணவருந்த அழைத்தார். 1681 ஜூன் மாதம் தம் வீட்டிலேயே தங்கவும் வைத்தார். அந்தஸ்தை உயிராக மதித்த அச்சமுதாயத்தில் இது பெரும் அதிர்ச்சியை விளைவித்தது. உறவினர் சினந்தனர்; அவருடன் இருந்த தம்பியரை வேறிடங்களுக்கு அழைத்துச் சென்றனர். 1682-இல் லசால் மூதாதையரின் இல்லத்தை விட்டு வெளியேறி, ஆசிரியர்களுடன் ஓர் எளிய வாடகை வீட்டில் குடியேறினார். தொடக்கத்திலேயே இவை யாவும் தெரிந்திருந்தால் இப்பணியைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார் என்பதைப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். இறைவன் அவரைப் படிப்படியாகவே அழைத்துச் சென்றான்.

ஆசிரியர்கள் கேட்ட கேள்வி

இப்பள்ளிகள் நாளை மூடப்பட்டால் நம் நிலை என்ன என்ற கவலை ஆசிரியர்களை வாட்டியது. இறைவனின் பராமரிப்பை நம்புமாறு லசால் அவர்களுக்கு உபதேசித்தார். அவர்கள் தந்த விடை கூர்மையானது. உமக்குச் சொத்தும் பதவியும் உண்டு. பணி தோற்றாலும் நீர் வாழ்வீர். நாங்களோ வீதிக்கு வருவோம் என்பதே அதன் சாரம்.

அச்சொற்களில் உண்மை இருப்பதை லசால் உணர்ந்தார். தாம் கடைப்பிடிக்காததைப் பிறருக்கு உபதேசிக்க அவர் மனம் ஒப்பவில்லை. தம் செல்வத்தைப் பள்ளிகளுக்கு மூலதனமாக வைக்கலாமா என்று அவர் சிந்தித்தபோது, பாரீஸில் வாழ்ந்த அருள்தந்தை நிக்கோலாஸ் பாரே, அனைத்தையும் துறந்து இறைவன் ஒருவனையே சார்ந்திருக்குமாறு அறிவுறுத்தினார். நீண்ட பிரார்த்தனைக்குப் பின் 1683-இல் பேராலயப் பதவியைத் துறந்தார். அதைத் தம் தம்பிக்கு அளிக்கவேண்டும் என்று பலர் வற்புறுத்தியும், ஏழைக் குரு ஒருவருக்கே அளித்தார். அதன்பின் வந்த பஞ்சகாலத்தில் தம் செல்வத்தை அப்பமாக்கிப் பசித்தோருக்கு வழங்கித் தீர்த்தார். பராமரிப்பைப் பற்றிப் பேசும் தகுதியை அவர் பெற்றது இவ்வாறுதான்.

சபையின் தோற்றம்

ஆசிரியர்கள் ஒரு குடும்பமாக இணைந்தனர். ஒருவரையொருவர் சகோதரர் என அழைத்தனர். எளிய கறுப்பு அங்கியை அணிந்தனர். கிறிஸ்தவப் பள்ளிகளின் சகோதரர்கள் என்ற சபை இப்படித் தோன்றியது. 1688-இல் லசால் பாரீஸ் சென்று அங்கும் பள்ளிகளை ஏற்றார். ஆனால் சில ஆண்டுகளுக்குள் நோயாலும் மனத்தளர்ச்சியாலும் சபை ஆட்டங்கண்டது; சிலர் இறந்தனர், சிலர் விலகினர். தமக்குப்பின் தலைமை ஏற்கத்தக்கவர் என்று கருதிக் குருத்துவத்திற்கு ஆயத்தப்படுத்திய சகோதரர் ஹென்றியும் திடீரென மறைந்தார். இதை ஓர் இறைக்குறிப்பாகவே லசால் ஏற்றார். இச்சபையில் எவரும் குருவாகக் கூடாது. அனைவரும் கற்பித்தலுக்கே தம்மை முழுமையாக அர்ப்பணிக்கவேண்டும் என்று முடிவு செய்தார். கற்பித்தல் வேறொரு பணிக்குப் படிக்கட்டாகாமல், தன்னளவிலேயே முழுமையான இறையழைத்தலாக அங்கே நிலைபெற்றது.

1691 நவம்பர் 21-ஆம் நாள், இரண்டு சகோதரர்களுடன் சேர்ந்து அவர் ஒரு வார்த்தைப்பாடு எடுத்தார். பிச்சையெடுத்து, வெறும் அப்பம் மட்டுமே உண்டு வாழ நேர்ந்தாலும் இப்பணியைக் கைவிடுவதில்லை என்பது அதன் கருத்து. 1694-இல் பன்னிரு சகோதரர்கள் அவருடன் சேர்ந்து வாழ்நாள் முழுவதற்குமான வார்த்தைப்பாடுகளை எடுத்தனர்.

நம்பிக்கையே பணியின் வேர்

கத்தோலிக்க நம்பிக்கையின் அடிப்படைகளை எளிய மக்களுக்கு விளக்க, கிறிஸ்தவனின் கடமைகள் என்ற நூலை லசால் 1703-இல் வெளியிட்டார். இறைவனை அறிதல், அவனை நேசித்தல் என்ற இரண்டிலும் கிறிஸ்தவ வாழ்வு அடங்குகிறது என்பது அதன் அமைப்பு. இறைவன் ஒருவனே, தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆட்களாய் இருக்கிறான். மகனே இயேசுவாக மனிதவுடல் எடுத்து, பாடுபட்டு இறந்து உயிர்த்தெழுந்து மனிதகுலத்தை மீட்டார். அம்மீட்பின் அருள், திருமுழுக்கு, நற்கருணை முதலான ஏழு அருளடையாளங்கள் வழியாக மனிதனை அடைகிறது. இவை கத்தோலிக்கர் அனைவருக்கும் பொதுவான நம்பிக்கைகள். லசாலின் தனிச்சிறப்பு, இவற்றைப் பள்ளியறைக்குள் வாழ்ந்து காட்டியதில் உள்ளது.

மூவொரு இறைவனுக்கே சகோதரர்கள் தம்மை அர்ப்பணித்தனர். இறைமகன் ஏழையாய்ப் பிறந்தார் என்பதால், கந்தையணிந்து எதிரே அமர்ந்திருக்கும் சிறுவனில் இயேசுவைக் காணுமாறு லசால் அவர்களுக்குக் கற்பித்தார். ஒவ்வொரு மனிதனையும் ஒரு தேவதூதர் காக்கிறார் என்பது கத்தோலிக்க மரபு. ஆசிரியனும் தன் மாணவருக்கு அத்தகைய காவல் தூதனே என்றார். இறைவன் எங்கும் நிறைந்தவன் என்பதால், வகுப்பின் நடுவே குறித்த நேரங்களில் மணி ஒலிக்க, ஆசிரியரும் மாணவரும் கைவேலையை நிறுத்தி அவன் திருமுன் இருப்பதை நினைவுகூர்ந்தனர்.

பள்ளியறையில் ஒரு புரட்சி

அன்று பிள்ளைகள் முதலில் இலத்தீன் மொழியில் வாசிக்கவே பயின்றனர். ஏழைச் சிறுவர்களோ சில ஆண்டுகளிலேயே வேலைக்குச் செல்லவேண்டியவர்கள். பொருள் புரியாத மொழியுடன் போராடி, எதையும் முழுமையாகக் கற்காமலே பள்ளியை விட்டனர். லசால் தாய்மொழியான பிரெஞ்சில் வாசிப்பைத் தொடங்கினார். ஒவ்வொரு மாணவனையும் தனித்தனியே அழைத்துப் பாடம் கேட்கும் வழக்கத்திற்கு மாற்றாக, ஒரே நிலையில் உள்ளவர்களை ஒரே வகுப்பாக அமர்த்திக் கற்பிக்கும் முறையை வேரூன்றச் செய்தார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி நிலையங்களை அமைத்தார். 1699-இல் உழைக்கும் இளைஞர்களுக்கென ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். பிள்ளைகள் பள்ளியில் காலை உணவு உண்ணும்போது, தம்மிடம் உள்ள அப்பத்தில் ஒரு பகுதியை உணவில்லாத தோழருக்குக் கூடையில் இடப் பழக்கினார்.

சோதனைகள்

நன்மை செய்தவருக்கு எதிர்ப்பும் மிகுந்தது. எழுத்துப் பயிற்சி அளித்துக் கட்டணம் பெற்றுவந்த ஆசிரியர் சங்கத்தினர், இலவசப் பள்ளிகளால் தம் வருவாய் குறைவதாக வழக்குத் தொடுத்தனர். பாரீஸில் லசாலுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 1702-இல் திருச்சபை அதிகாரிகளே அவரைத் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்க முயன்றனர். 1712-இல் மற்றொரு வழக்கில், இளைஞர் ஒருவரைத் தவறாகப் பயன்படுத்திப் பணம் பெற்றவர் என்ற பழியும் அவர்மீது விழுந்தது. மனம் நொந்த அவர் பாரீஸை விட்டுத் தென்பகுதிக்குச் சென்றார். தம் இருப்பே சபைக்கு இடையூறோ என்ற ஐயம் அவரை வாட்டியது. கிரெனோபிள் நகருக்கு அருகே பார்மெனி என்னும் குன்றில் தனிமையிலும் பிரார்த்தனையிலும் நாட்களைக் கழித்தார்.

1714 ஏப்ரல் முதல் நாளன்று பாரீஸ் சகோதரர்கள் அவருக்கு ஒரு கடிதம் எழுதினர். அவர் சபைக்கு அளித்த கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டின் பெயரால், உடனே திரும்பி வந்து தலைமையை ஏற்குமாறு அதில் கட்டளையிட்டிருந்தனர். நிறுவனர் தம் சீடர்களின் கட்டளைக்குப் பணிந்தார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் பாரீஸ் வந்து, வந்திருக்கிறேன், என்ன செய்யவேண்டும் என்னும் பணிவுடன் அவர்கள் முன் நின்றார். கேள்வி கேட்ட ஆசிரியர்களிடம் முன்னொருநாள் துறவைக் கற்றவர், இப்போது அவர்களிடமே பணிவின் நிறைவையும் கற்றார்.

நிறைவு

1717-இல் சகோதரர் பார்த்தலோமியிடம் தலைமையை ஒப்படைத்துவிட்டு, ரூவானில் உள்ள செயின்ட் யோன் இல்லத்தில் ஒரு சாதாரண உறுப்பினராக வாழ்ந்தார். 1719 ஏப்ரல் 7, இயேசு சிலுவையில் உயிர்நீத்ததை நினைவுகூரும் பெரிய வெள்ளியன்று, தம் வாழ்வில் நேர்ந்த அனைத்திலும் இறைவனின் திருவுள்ளத்தைப் போற்றியவாறே அமைதியுடன் உயிர்நீத்தார். அப்போது சபையில் ஏறக்குறைய நூறு சகோதரர்கள் இருந்தனர். 1725-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் பெனடிக்ட் சபைக்கு அங்கீகாரம் அளித்தார். 1900-இல் லசால் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1950-இல் ஆசிரியர் அனைவருக்கும் பாதுகாவலராகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரை அறிவித்தார். அவர் தொடங்கிய பணி இன்று ஏறத்தாழ எண்பது நாடுகளில் தொடர்கிறது. இந்தியாவும் அவற்றுள் ஒன்று.

லசாலிடம் மிகப்பெரும் திட்டம் எதுவும் தொடக்கத்தில் இருக்கவில்லை. எதிரே வந்த தேவையைக் கண்டார். அது கேட்டதைக் கொடுத்தார். மேலும் கேட்டபோது மேலும் கொடுத்தார். முடிவில் கொடுக்கத் தாம் ஒருவரே எஞ்சியபோது தம்மையே கொடுத்தார். கரும்பலகையின் முன் நிற்கும் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும், கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கும் ஏழைச் சிறுவனைக் காட்டி, உன் வழிபாட்டிடம் அதுவே என்று அவரது வாழ்க்கை இன்றும் உணர்த்துகிறது.