ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்ட்

ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்ட் (ஜூன் 3, 1834 - ஜனவரி 23, 1893) ஒரு பிரித்தானிய நிலவியலாளரும் வானிலையியலாளரும் ஆவார். பாறைகளில் பண்டைய கடலையும் தட்பவெப்பத்தையும் ஆராய்ந்த இவர், பின்னர் இந்தியாவில் பருவமழை முன்னறிவிப்புக்கு அடித்தளமிட்டார்.

நிலவியல் ஆய்வுகள்

லண்டனில் பிறந்த இவர், 1855 இல் தமையன் வில்லியம் தாமஸ் பிளான்ஃபோர்டுடன் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். ஒடிசாவின் தால்ச்சேர் பகுதியில் இவர்கள் ஆராய்ந்த உருண்டைக்கல் படிவுகள், ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கு பனியாறுகள் இருந்தமைக்குச் சான்றாயின.

பின்னர் தமிழகத்தின் கிரெட்டேசியக் காலக் கடற்படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். இவ்வடுக்குகளில் கிடைக்கும் ஃபொராமினிஃபெரா எனும் ஓரணு உயிரிகளின் நுண்ணிய ஓடுகளைக் கொண்டு, கடல் நிலத்துள் புகுந்ததையும் பின்வாங்கியதையும் பிற்கால ஆய்வாளர்கள் கணித்தனர்.

வானிலையியல்

உடல்நலக் குறைவால் 1862 இல் பணி விலகிய இவர், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். 1875 இல் இந்திய வானிலை ஆய்வுத்துறையின் முதல் தலைவராக நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே மழை பொய்த்து, 1876-78 பெரும் பஞ்சம் ஏற்பட்டது. இன்றைய தருமபுரி மாவட்டத்தை உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டமும் இதில் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இதனால் மழையை முன்கூட்டியே அறியும் தேவை அரசுக்கு எழுந்தது.

இமயமலையில் பனிப்பொழிவு மிகுந்தால் அடுத்த பருவமழை குறையக்கூடும் என பிளான்ஃபோர்ட் 1884 இல் விளக்கினார். 1886 இல் முறையான பருவமழை முன்னறிவிப்பு தொடங்கியது. இத்தொடர்பு எல்லா ஆண்டுகளிலும் பொருந்தவில்லை. எனினும், தொலைவிலுள்ள காரணிகளைக் கொண்டு மழையைக் கணிக்கும் முறைக்கு இது முன்னோடியாயிற்று.

1880 இல் அரச கழக உறுப்பினரான இவர், 1888 இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பி, ஃபோக்ஸ்டோனில் காலமானார்.