கேரி கில்டால்

கேரி ஆர்லன் கில்டால் (மே 19, 1942 - ஜூலை 11, 1994) ஓர் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆவார். நுண்செயலிகளுக்கென உருவான முதல் உயர்நிலை நிரல்மொழியான பிஎல்/எம், சிபி/எம் இயக்குதளம் ஆகியவற்றை உருவாக்கியவர் இவரே.

வாழ்க்கை

சியாட்டில் நகரில் பிறந்தார். இவரது குடும்பத்தினர் அங்கு கடற்பயணப் பள்ளி ஒன்றை நடத்தி வந்தனர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1972 இல் முனைவர் பட்டம் பெற்று, கலிபோர்னியாவின் மான்டரேயில் உள்ள கடற்படை முதுநிலைப் பள்ளியில் கற்பித்தார்.

பிஎல்/எம்

இன்டெல் நிறுவனத்தின் 8008 நுண்செயலி அதிகபட்சம் 16 கிலோபைட் நினைவகத்தையே கையாளக் கூடியது. கருவிகளுக்குள் பதிக்கப்படும் இச்சில்லின் மீது ஒரு நிரல்மொழிமாற்றியை (கம்பைலர்) இயக்குவது அன்று இயலாத செயலாக இருந்தது. எனவே, இன்டெலின் ஆலோசகராக இருந்த கில்டால் 1973 இல் பிஎல்/எம் மொழிமாற்றியை ஃபோர்ட்ரானில் எழுதினார். அது பெரிய கணினியில் ஓடி, 8008 இற்கான இயந்திரக் குறிமுறையை வெளியிட்டது. இக்குறிமுறை சில்லில் சரியாக இயங்குமா என்பதை முன்கூட்டியே சோதிக்க, 8008 போலவே செயற்படும் இன்டர்ப்/8 என்னும் பாவிப்பு நிரலையும் அவர் எழுதியிருந்தார். ஆயினும் ஒவ்வொரு திருத்தத்திற்கும் பெரிய கணினியை நாட வேண்டியிருந்தது. கிடைத்த குறிமுறையை இன்டெலின் மேம்பாட்டுப் பொறிக்குக் கொண்டு சேர்ப்பதும் தனி வேலையாயிற்று.

சிபி/எம்

முழு வேலையையும் அச்சிறு பொறியிலேயே முடிக்க விரும்பிய கில்டால், அதனுடன் நெகிழ்வட்டு இயக்கி ஒன்றை இணைக்க முயன்றார். அதற்கான கட்டுப்பாட்டுச் சுற்றை ஜான் டொரோட் அமைத்துக் கொடுத்தார். அவ்வட்டை ஆள்வதற்காக 1974 இல் பிஎல்/எம் மொழியில் எழுதப்பட்டதே சிபி/எம். பின்னர் வன்பொருளைச் சார்ந்த பகுதியை பயோஸ் எனத் தனியே பிரித்தார். இதனால் புதிய கணினி ஒன்றுக்கு அப்பகுதியை மட்டும் மாற்றி எழுதினால் போதுமானதாயிற்று. இவரது பணிகளுள் மிகவும் நிலைத்தது இப்பிரிப்பே எனலாம். மனைவி டொரத்தியுடன் தொடங்கிய டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம் இதனை விற்றது.

1980 இல் ஐபிஎம் உடனான பேச்சு கைகூடவில்லை. அன்று கில்டால் பொழுதுபோக்காக விமானம் ஓட்டச் சென்றுவிட்டார் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. உண்மையில் அது வணிகப் பயணமாகும். ஐபிஎம் தனிக்கணினிக்கு சிபி/எம்-86 உம் பின்னர் வெளிவந்தது. ஆனால் அதன் விலை 240 டாலர், மைக்ரோசாப்ட் வழங்கிய டாஸின் விலையோ 40 டாலர்.

டிஜிட்டல் ரிசர்ச் 1991 இல் நோவெல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. மான்டரேயில் தலையில் ஏற்பட்ட காயத்தால் கில்டால் தமது 52 ஆவது அகவையில் காலமானார். பசிபிக் குரோவில் அவரது நிறுவனம் இயங்கிய கட்டிடத்துக்கு வெளியே 2014 இல் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது.