வாக்கை நம்பிக் காத்திருந்த அக்கா

போன செமஸ்டர் விடுமுறையில் கேமரன் மலைக்கு, எங்க தோட்டத்துக்கு வந்திருந்தேன். வெள்ளிக்கிழமை, அம்மா வழக்கம்போல மாரியம்மன் கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் கோலாலம்பூருக்குப் போய் மூன்று வருடமாச்சு. ஒரு போன்கூட இல்லை. அம்மா அவனுக்காகத்தான் கூட்டுறாங்கன்னு எனக்குத் தெரியும். இன்னும் எத்தனை நாளைக்கும்மா என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுட்டேன். அம்மா பதில் பேசவில்லை. அன்றிரவு, சின்ன வயதில் தேவார வகுப்பில் கேட்ட திலகவதியார் வரலாற்றைப் பெரியபுராணத்தில் மறுபடி படித்தேன்.

அப்பர் சுவாமிகளை நம் எல்லாருக்கும் தெரியும். 7ஆம் நூற்றாண்டு, 4, 5, 6ஆம் திருமுறைகள் அவர் அருளியவை. ஆனால் அவருக்காகக் காத்திருந்த அக்காவை நாம் அதிகம் நினைப்பதில்லை.

திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர்கள் திலகவதியாரும் மருள்நீக்கியாரும். திலகவதியாருக்கு நிச்சயித்த மாப்பிள்ளை கலிப்பகையார் போருக்குப் போனார். அதற்குள் அப்பா இறந்தார், அம்மாவும் போய்விட்டார். பிறகு, கலிப்பகையாரும் போர்க்களத்தில் இறந்த செய்தி வந்தது. திலகவதியார் உயிரை விடத் துணிந்தார். தம்பி காலில் விழுந்து அழுதார். அவருக்காகவே அக்கா உயிரோடு இருந்தார்.

அந்தத் தம்பியே பின்னாளில் அக்காவை விட்டுப் போனார். பாடலிபுத்திரம் என்று அப்போது பெயர் பெற்ற திருப்பாதிரிப்புலியூரில் சமண சமயத்தில் சேர்ந்தார். நூல்களைக் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு அங்கே தலைமை நிலைக்கு உயர்ந்தார். அக்காவோ கெடில நதிக்கரையில் உள்ள திருவதிகை வீரட்டானத்துக்கு வந்து, தம்பியைத் திருப்பித் தரும்படி இறைவனிடம் முறையிட்டார்.

ஒருநாள் சிவபெருமான் கனவில் தோன்றினார். கவலையை விடு, அவனைச் சூலை நோய் தந்து ஆட்கொள்வோம் என்று வாக்குக் கொடுத்தார்.

இந்த இடத்தில்தான் நான் படிப்பதை நிறுத்திட்டேன். வாக்கு கிடைத்தது, சரி. ஆனால் அது நிறைவேறத் தொடங்கியது எப்படி? தம்பி வயிற்று வலியில் துடிக்கிறார் என்ற செய்தியோடு! மருந்து, மந்திரம் எதுவும் கேட்கவில்லை. தருமசேனர் சமையல்காரரை அக்காவிடம் அனுப்பினார். யாருக்காக உயிரோடு இருந்தாரோ அவர் துடிக்கும்போதும், அக்கா அந்த மடத்துக்குப் போகவில்லை. வர முடியாது என்று சொல்லி அனுப்பினார். பாசம் இல்லாமலா? கொடுத்த வாக்கை இறைவன் காப்பாற்றுவான் என்ற நம்பிக்கைதான்.

தம்பியே இரவோடு இரவாக நடந்து வந்து அக்கா காலில் விழுந்தார். அக்கா ஐந்தெழுத்து ஓதித் திருநீறு கொடுத்தார். விடியுமுன் துடைப்பமும் சாணம் கரைத்த குடமும் எடுத்துக்கொண்டு, தினமும் செய்யும் தொண்டுக்குப் புறப்பட்டவர், தம்பியையும் கூட்டிப்போனார். சந்நிதியில் தம்பி பாடினார்; சூலை நீங்கியது. நாவுக்கரசர் என்ற பெயரும் இறைவன் தந்ததே. பிறகு ஊர் ஊராக உழவாரப்படையோடு போய்க் கோயில்களில் புல் செதுக்கினார். அந்தத் தொண்டை அவர் முதலில் பார்த்தது அக்கா கையில்தான் என்று நினைக்கிறேன்.

நண்பர்களே, நமக்குத் திலகவதியார் மாதிரி கனவு வரவில்லை. ஆனால் நம்பியவரை இறைவன் கைவிட மாட்டான் என்பதைத்தானே திருமுறைகள் சொல்கின்றன? அந்த வாக்குக்கும் அது நிறைவேறும் நாளுக்கும் நடுவில் எத்தனை வருடம் என்று நமக்குத் தெரியாது. திலகவதியாரும் கணக்குப் பார்க்கவில்லை. தினமும் கோயிலைக் கூட்டினார், மெழுகினார். நம்பிக்கை என்பது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இல்லை.

அண்ணன் இன்னும் வரவில்லை. மறுவாரம் வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு முன்னாடியே எழுந்து தண்ணீர் வாளியை நான் தூக்கிக்கொண்டு போனேன். அம்மாவிடம் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

திருச்சிற்றம்பலம்.