மூன்று வாக்கும் ஒருவருக்கே: தொண்டமானும் மலையகத்தின் வாக்குரிமையும்

ஒரு சமூகம் ஏன் ஒரே பக்கமாகத் திரண்டு வாக்களிக்கிறது? பல நாடுகளின் தேர்தல்களை ஆராய்பவர்கள் இதற்கு மொழி, மதம், சாதி, கூலி என்று காரணங்களை அடுக்குவார்கள். அக்கரப்பத்தனையில் பிறந்து வளர்ந்த நான் இதற்கு விடை தேடும்போது சௌமியமூர்த்தி தொண்டமானின் வாழ்க்கையைத்தான் பார்க்கிறேன்.

1913இல் தமிழ்நாட்டில் பிறந்த அவர், 1924இல் இலங்கை வந்து கம்பளையில் படித்தார். தந்தை இறம்பொடை வேவண்டன் தோட்டத்தின் உரிமையாளர். தோட்ட முதலாளியின் மகன் தொழிலாளரின் தலைவரானதை இன்றும் எங்கள் லயங்களில் வியப்போடும் விமர்சனத்தோடும் பேசுவார்கள். 1939இல் நேருவின் வருகையை ஒட்டி இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானபோது அதில் இணைந்தார். 1947 பொதுத் தேர்தலில் நுவரெலியாவில் வென்று பாராளுமன்றம் சென்றார். தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை வென்றார். காங்கிரஸ் போட்டியிடாத பல தொகுதிகளில் எங்கள் மக்களின் வாக்குகள் இடதுசாரிகளுக்குப் போயின.

அந்த வாக்குப் பலமே வினையானது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையக மக்களில் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. இந்தக் கேள்வியில்தான் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். தேர்தலில் தோற்றவர் அடுத்த தேர்தலுக்குக் காத்திருக்கலாம். இடாப்பில் பெயரே இல்லாதவர் எதற்குக் காத்திருப்பது?

1952இல் தொண்டமானும் தோழர்களும் கொழும்பில் சத்தியாக்கிரகம் செய்தார்கள். அவ்வாண்டுத் தேர்தலில் காங்கிரஸிலிருந்து ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. 1960இலும் 1965இலும் அவர் பாராளுமன்றம் போனது நியமன உறுப்பினராகத்தான். இடையில், 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் மக்களைக் கேட்காமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிறகு பார்க்கலாம் என்று விடப்பட்டது. அதை அவர் எதிர்த்தார். ஆனால் வாக்கில்லாத மக்களின் தலைவரை எந்த அரசு பொருட்படுத்தும்?

1977இல் நிலைமை மாறியது. அக்கரப்பத்தனையை உள்ளடக்கிய நுவரெலியா - மஸ்கெலியா, மூன்று அங்கத்தவர் தொகுதியாக்கப்பட்டிருந்தது. ஒரு வாக்காளருக்கு மூன்று வாக்குகள். மூன்றையும் ஒருவருக்கே போடலாம். அமெரிக்காவின் இலினோய் மாநிலம் 1870 முதல் 1980 வரை இதே முறையில்தான் தன் சட்டசபையின் கீழவையைத் தெரிவுசெய்தது. சிறுபான்மையினர் சிதறாமல் வாக்களித்தால் ஓர் ஆசனமாவது கிடைக்கும் என்பதே இதன் கணக்கு. காமினி திசாநாயக்க முதலாவதாகவும் அநுர பண்டாரநாயக்க இரண்டாவதாகவும் வர, தொண்டமான் மூன்றாவதாக வென்றார். 30 ஆண்டுகளுக்குப் பின் மக்களின் வாக்கால் பெற்ற ஆசனம் அது. அப்போதும் வாக்குரிமை இல்லாதோர் ஏராளம்.

வடக்குக் கிழக்கு வாசகர்களுக்கு அவர்மீது வேறொரு கேள்வி உண்டு. 1972இல் செல்வநாயகம், பொன்னம்பலத்தோடு தமிழர் கூட்டணியில் நின்றவர், 1976இல் தனிநாட்டுக் கோரிக்கையிலிருந்து விலகிக்கொண்டார். 1978இல் அமைச்சரானவர் 1983 யூலைக்குப் பிறகும் பதவியில் நீடித்தார். அந்தக் கோபம் நியாயமற்றதல்ல. ஆனால் சிங்கள ஊர்கள் சூழ்ந்த மலைகளில் சிதறி வாழ்ந்த மக்களுக்கு ஓடி ஒதுங்க இடமில்லை என்பது அவருடைய கணக்கு. ஓடியவர்களும் இருந்தார்கள். 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறி, பின்னர் போரின் முழுச்சுமையையும் சுமந்தவர்களில் எங்கள் தோட்டத்து உறவுகளும் அடங்குவர்.

1986 தைப்பொங்கலன்று அவர் தொடங்கிய பிரார்த்தனைப் போராட்டத்தில் தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் பிரார்த்தனையில் அமர்ந்தார்கள். அவ்வாண்டும் 1988இலும் வந்த சட்டங்கள் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தந்தன. எஞ்சியோருக்கான 2003ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்க்க அவர் இல்லை. 1999 அக்டோபர் 30ஆம் திகதி காலமானார்.

எங்கள் மக்கள் ஒரே சின்னத்துக்கு வாக்களித்ததை மந்தைத்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. பறிபோன வாக்கு திரும்பிக் கிடைத்தபோது, அதைச் சிதறவிடப் பயந்தவர்கள் அவர்கள். அந்தப் பயத்தை ஆசனமாக்கத் தொண்டமானுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்த ஆசனங்களால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தக் காணி கிடைத்துவிடவில்லை. இன்றும் லயத்தில் குடியிருப்பவர், வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் எவரிடமும் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.