மொஹீனின் குதிரைகள்

‘கேங்ஸ்டர்’ இந்திப் படத்துல வர்ற ‘பீகி பீகி’ பாட்டை ஹாஸ்டல்ல யார் போன்லயாவது கேட்டிருப்பீங்க. 2006ல வந்த பாட்டு. ஆனா மெட்டு அதுக்கும் பழசு. அதைப் போட்டவர் கல்கத்தாக்காரர் கௌதம் சட்டோபாத்யாய். அந்தப் படம் வர்றதுக்கு ஏழு வருஷம் முன்னாடி, 1999லயே இறந்துட்டார்.

அவரும் நம்மள மாதிரி காலேஜ் பையனா இருந்தவர்தான். ஆனா அது நக்சல்பாரி இயக்கம் கல்கத்தா காலேஜ்களுக்குள்ள புகுந்த நேரம். அதில் இறங்கினார், ஜெயிலுக்குப் போனார். வெளியே வந்தும் சொந்த ஊரில் இருக்க முடியல. மத்தியப் பிரதேசத்தில் மருந்து கம்பெனி ரெப்பாக, பையைத் தூக்கிட்டு டாக்டர் டாக்டரா அலைஞ்சார்.

1970களின் நடுவில் ஊர் திரும்பினதும் தம்பிகள், உறவுக்காரர், நண்பர்கள்னு ஏழு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் ஆரம்பிச்சாங்க. பேர் ‘மொஹீனேர் கோராகுலி’, அதாவது மொஹீனின் குதிரைகள். ஜீவனானந்த தாஸ் கவிதையில் இருந்து எடுத்த பேர். ஏக்தாரா மீட்டிக்கிட்டு ஊர் ஊராப் பாடுற பாவுல் பாடகர்களோட இசையை கிடார், வயலின், சாக்ஸபோனோட சேர்த்தாங்க. இந்தியாவில் ஃபோக் ராக் பேசினா இங்கிருந்துதான் தொடங்கணும்.

1977, 78, 79னு வருஷத்துக்கு ஒரு ரெக்கார்ட் போட்டாங்க. பெரிசா யாரும் கண்டுக்கல. 80களின் தொடக்கத்திலேயே பேண்ட் கலைஞ்சு போச்சு. கௌதம் சினிமா பக்கம் போனார். அவர் எடுத்த ‘நாக்மோத்தி’ தேசிய விருது வாங்கிச்சு.

1995ல புதுப் பசங்களைச் சேர்த்து ஒரு ஆல்பம் போட்டார். தலைப்போட அர்த்தம், மறுபடி இருபது வருஷம் கழிச்சு. இந்தத் தடவை வங்காளமே கேட்டுச்சு. நான் முதல்ல சொன்ன மெட்டு அதுலதான் இருக்கு. அடுத்த நாலே வருஷத்தில் ஆள் இல்லை.

இதை ஏன் இப்போ எழுதறேன்னா, போன கல்சுரல்ஸ்ல எங்க நாலு பேர் பாட்டுக்குப் பன்னிரண்டு பேர்தான் கைதட்டினாங்க. ஆஃபர் லெட்டர் வந்ததும் ரெண்டு பேர் கிடாரை வித்துடலாம்னு சொல்றாங்க. திண்டிவனத்தில் இருந்து அமாவாசை அன்னைக்கு மேல்மலையனூர் பஸ் பிடிச்சுப் போங்க. அந்தப் பம்பை சத்தத்தைக் கேட்டுட்டு, திரும்பி வரும்போது ஹெட்செட்ல அந்த 1977 ரெக்கார்டைப் போடுங்க. பம்பையோட ஒரு கிடார் சேர்ந்தா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தோணும். அப்படித் தோணிச்சுன்னா எங்க ரூமுக்கு வாங்க, என் கிடார் இன்னும் விக்கல.