இன்னொரு போஸ்



போஸ் என்றதும் நம்மில் பலருக்கு நேதாஜிதான் ஞாபகம் வருவார். நான் எழுதுவது இன்னொரு போஸைப் பற்றி. செடிக்கும் உணர்ச்சி உண்டுன்னு சோதனை செய்து காட்டினாரே, அந்த ஜகதீஷ் சந்திர போஸ்தான். நாம் அவரைச் செடியோடு நிறுத்திவிடுகிறோம். ஆனால் இன்று போர் விமானங்கள் ஒன்றுக்கொன்று ரகசியமாகத் தகவல் அனுப்புவதற்கும் அவருக்கும் தொடர்பு இருக்கிறது. அது எப்படின்னு கேட்கிறீர்களா? வாருங்கள், பார்ப்போம்.

1858 நவம்பர் 30-ல் வங்காளத்தில், இன்றைய வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா அரசு அதிகாரி. வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போன காலம் அது. அப்பாவோ மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே மீனவர் மகனும் வேலைக்காரர் மகனும்தான் பக்கத்து இருக்கைக்காரர்கள்.

1880-ல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். அடிக்கடி காய்ச்சல் வந்ததால் படிப்பை மாற்றிக்கொண்டு கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்தார். 1885-ல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் ஆனார். அங்கேதான் சிக்கல். ஒரே வேலைக்கு வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைவு. போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. மூன்று வருஷம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார்! வீட்டிலோ அப்பாவுக்குக் கடன். அந்தக் கஷ்டத்துக்கு நடுவில்தான் 1887-ல் அபலா அம்மையாரோடு திருமணம் நடந்தது. இந்த அம்மையார் நம்ம சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தவர். கடைசியில் அரசாங்கமே இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது. அந்தப் பணம் அப்பாவின் கடனை அடைக்க உதவியது.

கல்லூரியில் அவருக்குச் சரியான ஆய்வுக்கூடம் கிடையாது. ஒரு சின்ன அறையில், தகர வேலை செய்யும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கருவிகள் செய்தார். 1895-ல் கல்கத்தா நகர மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் செய்து காட்டினார். கம்பியே இல்லை. கண்ணுக்குத் தெரியாத அலை சுவரைத் தாண்டிப் போய், தூரத்தில் இருந்த மணியை அடித்தது, வெடிமருந்தையும் வெடிக்க வைத்தது!

மற்றவர்கள் நீளமான அலைகளை நாடியபோது இவர் 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குட்டையான அலைகளை உண்டாக்கினார். குட்டை அலையை டார்ச் வெளிச்சம் போல ஒரே திசையில் குவித்து அனுப்பலாம். அதற்காகப் புனல் மாதிரி வாய் வைத்த ஆன்டெனாவும் செய்தார்.

இப்போது விமானத்துக்கு வருகிறேன். ஒரு விமானத்தின் ரேடார் எதிரியைக் கண்டால், மற்ற விமானங்களுக்கும் அது உடனே தெரிய வேண்டும். வாயால் சொல்லிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். அதனால் கணினிகளே ரேடியோ அலையில் பேசிக்கொள்கின்றன. நேட்டோ நாடுகளின் லிங்க்-16 என்ற முறையில் ஒரு நொடியை 128 பங்காகப் பிரித்து, அவரவர் முறை வரும்போது அனுப்புகிறார்கள். ஒரே அலைவரிசையில் நிற்காமல் 51 அலைவரிசைகளில் மாறி மாறித் தாவுகிறார்கள். சிதம்பரத்தில் கீழ வீதி, மேல வீதி என்று நாலு வீதியிலும் இடம் மாற்றி மாற்றி இரண்டு பேர் பேசினால், ஒரே வீதியில் நிற்பவன் காதில் அரைகுறையாகத்தானே விழும்? அதே கதைதான். எஃப்-35 விமானங்கள் இன்னொரு வழியும் வைத்திருக்கின்றன. குட்டை அலையை ஒல்லியான கற்றையாக்கி, நேராக அடுத்த எஃப்-35 மீது அனுப்புகின்றன. கற்றைக்கு வெளியே இருப்பவனுக்குக் கேட்பது கஷ்டம். இங்கேதான் நமக்குப் போஸ் ஞாபகம் வர வேண்டும்.

நம் நாட்டிலும் வானத்தில் இருந்தே கண்காணித்துத் தகவல் அனுப்பும் நேத்ரா விமானம் 2017-ல் விமானப்படைக்குக் கிடைத்தது. அதற்கு முன்னோடியாக நடந்த முயற்சியில், 1999 ஜனவரி 11-ல் நம் அரக்கோணம் அருகே விமானம் விழுந்து 8 பேர் உயிரிழந்தார்கள். அவர்களையும் மறக்கக் கூடாது.

போஸ் தன் கண்டுபிடிப்பை எதையும் ஒளித்து வைக்கவில்லை. கருவியை எப்படிச் செய்தார் என்பதை வெளிப்படையாகச் சொன்னார். 1901-ல் ஒரு கம்பெனி பணத்தோடு வந்தபோதும் மறுத்துவிட்டார். நண்பர்கள் வற்புறுத்தியதால் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை 1904-ல் கிடைத்தது. அதையும் அவர் பயன்படுத்தாமல் விட்டுவிட்டார். கம்பியில்லாத் தந்திக்காக 1909-ல் நோபல் பரிசு மார்கோனிக்கும் பிரானுக்கும் போனது.

அவர் ஏமாந்துவிட்டார் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரகசியத் தகவலைப் பூட்டும் கணித முறைகளில் பல இன்று புத்தகத்திலேயே இருக்கின்றன. யாரும் படிக்கலாம். சாவி எண் மட்டும்தான் ரகசியம். பூட்டு செய்யும் வித்தை எல்லோருக்கும் தெரிந்தால்தான், அதில் உள்ள ஓட்டையை யாராவது கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியும். நாட்டின் ரகசியத்தைக் காக்க வேண்டும்தான். ஆனால் அறிவைப் பூட்டி வைத்திருந்தால் ரேடாரும் வந்திருக்காது, நம் கையில் செல்போனும் வந்திருக்காது.

1917-ல், தன் பிறந்த நாளன்றே, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். அது இன்றும் இயங்குகிறது. 1937 நவம்பர் 23-ல் கிரிடி என்ற ஊரில் காலமானார். அடுத்த முறை வானத்தில் விமானச் சத்தம் கேட்டால், தகரத்தில் கருவி செய்த இந்த வாத்தியாரையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள், நண்பர்களே.